நான்காம் மாடிக்கு நாற்காலி வேண்டாம்

என் பட்டாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், தையல் மிஷினும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருந்து உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிரியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கு மிஞ்சுவது "சாப்பிட்டியாம்மா", "சரி வெச்சிடறேன்" இரண்டும்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி, நடுவில் சிரிப்பு வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிரி.

பிரசவத்துக்கு அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கப்போவதாக நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. "அப்பாவுக்கு இந்த மாடிப்படி வேணாம்மா, போன தடவை பட்டதே போதும்" என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை. லிப்ட் இல்லாத கட்டிடத்தில் நான்காம் மாடி வீடு, நானோ காலமெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்து தொப்பை வளர்த்த டெய்லர். போன தடவை இரண்டாம் மாடியில் யாரோ ஒரு புண்ணியவதி நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாளே, நீ செருப்புகூடப் போடாமல் மேலிருந்து ஓடி வந்து என் முகத்தைப் பார்த்ததும் அழுதாயே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆனாலும் என் பேரனோ பேத்தியோ அங்கே பிறக்கும்போது நான் இங்கே யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருப்பதா? விட்டேனா பார் என்று, நீ எப்போதோ அனுப்பியிருந்த உடற்பயிற்சி வீடியோவைத் தேடி எடுத்து, அம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, போனை இஸ்திரிப் பெட்டிமேல் சாய்த்து வைத்தோம். கீழ்வீட்டு நர்ஸ் பெண் ராத்திரி வேலை முடிந்து காலையில்தான் தூங்குவாள், பாவம், அதனால் போனில் சத்தத்தைச் சுத்தமாக அடக்கிவிட்டோம். வீடியோவில் வரும் டீச்சரம்மா கையைத் தூக்கினால் நாங்களும் தூக்குவோம், அவள் குனிந்தால் தொப்பை விட்ட அளவுக்கு நானும் குனிவேன். கொஞ்ச நேரத்தில் கையை ஆட்டிவிட்டுப் போவாள், உடனே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். "வேர்த்த துணியோட ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறா பாருங்க, என்ன சுத்தம்" என்று அம்மாவுக்கு அவள்மேல் ஒரே மரியாதை. மஞ்சள் சட்டையில் கையை வீசச் சொல்கிறவள், நீலச் சட்டையில் குதிக்கச் சொல்வாள், சிவப்புச் சட்டையில் தரையில் விழுந்து எழுந்து மறுபடியும் குதிக்கச் சொல்வாள். நம் பழைய போனில் சார்ஜ் தீர்ந்து அதுவாக அணையும்போதுதான் வகுப்பு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். "போனுக்கே நாக்குத் தள்ளுது, நமக்குத் தள்ளாதா" என்பாள் அம்மா.

பெண்டு கழன்றுவிட்டது, பட்டாணி. அடித்துப்போட்ட மாதிரி உடம்பு. அம்மா தலை வாரிக்கொண்டே தூங்குகிறாள், நான் தட்டில் கையை வைத்துக்கொண்டே தூங்குகிறேன். கடையில் பாங்க் மேனேஜருடைய பேண்ட்டுக்குக் கீழே ஓரம் மடித்துத் தைக்கும்போது கண் செருகி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து அடித்துவிட்டேன். அவர் கடையிலேயே போட்டுப் பார்த்தார், கால் உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கண்ணாடிவரை போய், "மாஸ்டர், நான் பேண்ட்டுக்குத்தானே துணி குடுத்தேன், தலகாணி உறைக்கா குடுத்தேன்" என்று கேட்டார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால், முதல் பாடத்துக்கே இந்தக் கதி என்றால் உடம்பில் சரக்கு தீர்ந்துவிட்டது, நான்காம் மாடி இனி நமக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும், "நீ மட்டும் போயிட்டு வா, நான் போட்டோவுல பாத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா விறுவிறுவென்று கீழே போய் நர்ஸ் பெண்ணைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

அவள் நாடி பிடித்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா என் தலைக்கு மேல தினமும் ரெண்டு யானை ஓடிப்பிடிச்சு விளையாடுதே, அது என்னன்னு செஞ்சு காட்டுங்க" என்றாள். மானம் கப்பலேறிவிட்டது, இருந்தாலும் செய்து காட்டினோம். டீச்சரம்மா கையாட்டியதும் நர்ஸ் எழுந்துவிட்டாள், நாங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறோம். இன்னும் என்ன என்று கேட்டாள். "இரும்மா, சட்டை மாத்திட்டு வருவா" என்றேன். போனை எடுத்துப் பார்த்தவள் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீ அனுப்பியது மஞ்சள் சட்டை மட்டும்தானாம்! அது முடிந்ததும் போன் தன்பாட்டுக்கு அடுத்த வீடியோவை ஓட்டியிருக்கிறது. நீலச் சட்டை நன்றாகப் பழகியவர்களுக்கு, சிவப்புச் சட்டை ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்காம். "முடிஞ்சுதுன்னு அவ வாயாலேயே சொல்றாளே, கேக்கலையா" என்று கேட்டாள். "நீ தூங்கறியேன்னுதான்மா சத்தத்தைக் குறைச்சோம்" என்று அம்மா சொன்னதும் அவளுக்கு மறுபடியும் சிரிப்பு. அப்புறம், புதிதாக ஆரம்பித்தால் அசதி வரத்தான் செய்யும், உடம்பு பழகக் கொஞ்சம் நாளாகும், ஒரு நாள் செய்தால் ஒரு நாள் விடுங்கள், வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குங்கள், நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே என்னிடம் சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மஞ்சள் சட்டையோடு சரி. முதலில் அசதி இருந்தது, பிறகு மெல்ல மெல்ல விலகிவிட்டது, இப்போது செய்யாத நாளில்தான் உடம்பு ஏதோ கேட்கிறது. நேற்று நூல் வாங்கப் போனேன். நூல்கடையும் நான்காம் மாடியில்தான், கட்டிடத்தின் உச்சியில் இருக்கிறது, நான் எப்போதும் தெருவிலிருந்து குரல் கொடுப்பேன், கடைக்காரர் பையைக் கயிற்றில் கட்டி இறக்குவார். நேற்று நான் குரலே கொடுக்காமல் படியேறிப் போய் அவர் எதிரில் நின்றேன். மனிதர் பதறிப்போய், "என்ன மாஸ்டர், போன தடவை குடுத்த நூல்ல ஏதாவது குறையா" என்று எழுந்து நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் வழியில் எங்கேயும் உட்காரவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வேண்டாத கலரில் எல்லாம் நூல் வாங்கி வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் நல்லதுதான், அந்தக் கலர்களில் எல்லாம் குட்டிச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன், ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். குழந்தையும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறக்காமல் இரண்டு டிக்கெட்டாக எடு. நாங்கள் வரும் அன்று கீழே இறங்கி வராதே, இரண்டாம் மாடி அம்மாவிடம் நாற்காலி எதுவும் கேட்டு வைக்காதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலேயே நில், அப்பா நானே ஏறி வருவேன். வாசலில் எனக்கு மூச்சு வாங்கினால் பயப்படாதே, உன்னைப் பார்த்த சந்தோஷம் என்று வைத்துக்கொள்.

ஆசியுடன்,
உன் மஞ்சள் சட்டை மாணவன்,
அப்பா