படத்தில் உள்ளபடி

பொழிச்சலூர்,
11.6.1989

அன்பு மச்சான் யேசுதாசனுக்கு,

லோகநாதன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க, முகவரிக்கே உன் மச்சினனிடம் ஆறு மாதம் தொங்கவேண்டியிருந்தது. வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போனவன் ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் நம் பம்பு ஃபேக்டரி நிலைமை சரியில்லை. பம்பில் கசிகிற தண்ணீர் மோட்டாருக்குள் போய், உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி எரிந்துவிடுகிறது. விற்ற பம்பெல்லாம் திரும்பி வருகிறது. மேனேஜர் தட்சிணாமூர்த்தி வாசலில் யோசனைப் பெட்டி என்று ஒன்று மாட்டினார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வேர்க்கடலைத் தோல்தான் இருந்தது. "ஏன்யா, ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

இங்கே இருந்தபோது நீ ஒரு பம்பில் ஓட்டை போட்டுக் கசிவை வெளியே விட்டாயே, அது எங்கே, எவ்வளவு என்று எழுதுவாயா? தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அறுபத்து நாலு பேர், மச்சான்.

உன்,
லோகு

*

கோயம்புத்தூர்,
20.6.1989

அன்புள்ள லோகு,

உன் கடிதம் கிடைத்தது. ஞானம்மாள் உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அந்த ஓட்டைக்குக் கிடைத்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். 'கம்பெனிப் பொருளில் அனுமதியின்றி ஓட்டையிட்ட குற்றம்.' எல்லார் முன்னாலும் தட்சிணாமூர்த்தி சார் என்னை அதிகப்பிரசங்கி என்றார். அந்தப் பம்பு எரியவில்லை என்பதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சாட்சி என்று நீ கையெழுத்துப் போட்டாய். அது எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் நீ சூப்பர்வைசர், பிள்ளைகுட்டிக்காரன். உன்னை நான் என்ன சொல்வது?

இங்கே முதலாளி டீ நேரத்தில் எங்களோடு நின்றுகொண்டு, "இன்னிக்கு என்னங்க கோளாறு?" என்று கேட்கிறார். சொன்னவனுக்குத் திட்டு விழுவதில்லை. முதல் மூன்று மாதம் நான் நம்பாமல் வாயே திறக்கவில்லை.

ஓட்டை கால் அங்குலம். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே, அடிப்பக்கம் போட வேண்டும். அடிப்பக்கம் என்பதைக் கோடு போட்டிருக்கிறேன், பார். அந்த அறுபத்து நாலு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
யேசுதாசன்

*

பொழிச்சலூர்,
3.10.1989

அன்பு மச்சான்,

எல்லாம் பாழாய்ப்போச்சு. உன் பேரைச் சொன்னால் மேனேஜர் முகம் சுளிப்பார் என்று, அவர் யோசனையாகவே இருக்கட்டும் என்று விஷயத்தை மட்டும் ஆபீசில் கொடுத்தேன். அங்கே படத்தில் பம்பைத் தலைகீழாக வரைந்துவிட்டார்கள். ஓட்டை மேல்பக்கம் போய்விட்டது. இரண்டாயிரம் பம்பு! ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கசிவும் நிற்கவில்லை, மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கிவிட்டது. மொத்தத்தையும் ஏஜென்சிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஓட்டை போடும் மெஷினில் நிற்கிற கங்கையம்மாளைக் கூப்பிட்டு, தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா சார்? தண்ணி மேலயா போவும்? ஓட்டை போட்டதுக்கு யேசு அண்ணனுக்கு மெமோ. போடலைன்னா எனக்கு மெமோ. படத்துல இன்னா கீதோ அத்தப் போட்டுகினு போனேன்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லோகு

*

கோயம்புத்தூர்,
10.10.1989

லோகு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கங்கையம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடிப்பக்கம் என்று உனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்த மெஷினைத் தாண்டி நடக்கிறவன் நீ. நீ பார்க்கவில்லையா?

யேசுதாசன்

*

பொழிச்சலூர்,
4.11.1989

அன்புள்ள யேசுதாசனுக்கு,

பார்த்தேன்.

முதல் பம்பிலேயே பார்த்தேன். கங்கையம்மாள் ஓட்டையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றிருக்கிறாள், இப்போது புரிகிறது. என் கையில் படம் இருந்தது, அதில் மேனேஜர் கையெழுத்தும் இருந்தது. பயந்துவிட்டேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். பயம்கூட இல்லை, யேசு. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். நேரே கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கங்கையம்மாள் படப்பைப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிறாள். தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். "இன்னா சார், இளைச்சிட்டே?" என்று விசாரித்தாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கோயம்புத்தூரில் எனக்கும் ஒரு வேலை பார்த்துத் தரும்படி கேட்கத்தான் இந்த இன்லண்ட் லெட்டரை வாங்கினேன். கேட்க மாட்டேன். என்னைப் போல ஒருத்தனை உங்கள் ஃபேக்டரிக்குள் விடாதே.

லோகநாதன்