வாசல் வரைக்கும் கேட்கிற கிடார்

27 ஜூலை 2003, ஞாயிறு

பூசை முடிந்து கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டே ரெமிஜியஸ் அண்ணன் சொன்னார். பாடற்குழுவுக்கு அவர்தான் தலைவர், அவர் சொன்னால் சொன்னதுதான். இந்த வருஷம் திருவிழா மேடை மைதானத்தில். மைக் நாலுதான், நாலும் பாடுகிறவர்களுக்கு. "கேக்காத கிடாருக்கு மைக் எதுக்கு ஐரின்? நீயும் பொண்ணுங்களோட நின்னு பாடிடு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது. பதினொரு வருஷமாக வாசிக்கிறேன். எனக்குப் பாட வராது என்பது எங்கள் காக்ஸ் டவுன் முழுக்கத் தெரியும்.

30 ஜூலை

உண்மையிலேயே கேட்பதில்லையா? கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற சந்திரம்மாவிடம் கேட்டேன். எல்லா ஞாயிறும் அங்கேயே உட்கார்ந்திருப்பவள். "கிடாரா? நீ எத்துக்கினு போறத பாப்பேன்மா. கேட்டதில்ல" என்றாள்.

போதும்.

2 ஆகஸ்ட், சனி

பிரிகேட் ரோடு பக்கம் ஒரு கடை. ஒயர் சொருகுகிற கிடார்களே ஒரு சுவர் முழுக்க. கிரண் என்கிற பையன் ஒவ்வொன்றாக இறக்கித் தந்தான். கன்னடத்திலேயே எல்லாம் கேட்டேன். பெட்டிக்குள் ஒரு சின்னப் பட்டை தந்தியின் அதிர்வைப் பிடிக்கிறதாம். பக்கவாட்டில் சத்தத்துக்கு ஒரு திருகு, உள்ளே சதுர பேட்டரி. எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் நடத்துகிறவள் நான். இத்தனை வருஷம் இதைத் திறந்துகூடப் பார்க்காமல் என்ன நடத்தினேன்?

பெரிய வயிறு உள்ள ஒன்று. மடியில் வைத்துத் தட்டியதும் நெஞ்சுக்கூட்டிலேயே ஒலித்தது. மயங்கிவிட்டேன். இன்னொன்று ஒல்லி. ஒயர் இல்லாமல் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது.

கடையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும் என்று கிரணே சொல்லிவிட்டான். அவனும் மேடையில் வாசிக்கிறவன். எங்கே வாசிக்கப்போகிறேனோ அங்கே வைத்துப் பார்க்கவேண்டும் என்றான். அப்படியானால் எடுத்துப் போகிறேன் என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கடைசியில் என் ஸ்கூட்டியின் ஆர்.சி. புத்தகத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு, பெரிய வயிற்றைக் கொடுத்தனுப்பினான்.

3 ஆகஸ்ட்

மைக் செட் சண்முகத்தின் ஷெட், ஜீவனஹள்ளி. அம்மன் கோயிலுக்கும் அவர்தான், எங்கள் கோயிலுக்கும் அவர்தான். பெரிய வயிற்றைச் சொருகினோம். தந்திகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டுகூடப் பிடிக்கவில்லை, அதற்குள் ஊஊ என்று ஊளை. தெருநாய்கள் பதில் கொடுத்தன.

ஏன்? ஸ்பீக்கர் சத்தம் கிடாரின் ஓட்டை வழியாக உள்ளே போகிறது, பெட்டி அதிர்கிறது, அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்குப் போகிறது. சுற்றிச் சுற்றி. உள்ளங்கையால் ஓட்டையை மூடினேன். ஊளை நின்றது. எடுத்தேன், ஊளை. பத்துத் தடவை செய்து பார்த்தேன். சண்முகம் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக ஒரு மூடி வெட்டிக் கொடுத்தார். ஊளை பாதி குறைந்தது. ஆனால் மைதானத்தில் இதைவிடப் பெரிய ஸ்பீக்கர். "இது ரூம்ல வெச்சி வாசிக்கிறதுக்குதான்க்கா. கிரவுண்டுக்கு இந்த வவுறு ஆவாது" என்றார்.

9 ஆகஸ்ட்

மாற்றிக்கொண்டு வந்தேன். ஒல்லி. ஆர்.சி. இன்னும் கிரணிடம்தான். போலீஸ் பிடித்தால் மாதாவே கதி.

10 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

ஒத்திகைக்கு சண்முகம் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கட்டினார். சொருகினேன். ஊளை இல்லை, இரைச்சல் இல்லை. முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரி தெளிவு. எனக்கே சிலிர்த்தது. மூன்றாவது வரியில் டங் என்று ஒரு சத்தம். பாடிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ரெமிஜியஸ் அண்ணன் சுற்றிப் பார்த்தார். "யாரு அது?"

நான்தான். எஃப் கார்டு. ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் அழுத்தவேண்டும். பழைய கிடாரில் தந்தி உயரம், விரல் நோகும். அதனால் மேலே தடித்த தந்தியை அழுத்தாமலே விட்டுவிட்டு, பாதி எஃப் பிடித்துப் பழகினேன். அழுத்தாத அந்தத் தந்திதான் டங். யாருக்குக் கேட்கப்போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததையே மறந்துபோனேன். பதினொரு வருஷமா இதையாடி வாசிச்சே ஐரின்? கடவுளே.

11 ஆகஸ்ட்

திருப்பிக் கொடுத்துவிடலாமா? என் பழசு என்னை எவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருந்தது!

என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூ, "அதான் திருகு இருக்குதே, அந்த எடம் வந்தா கம்மி பண்ணிக்கோயேன்" என்றார். நல்ல யோசனைதான். ரெமிஜியஸ் அண்ணன் சொன்னபோது வந்த அதே எரிச்சல் ஏன் வந்தது? குறைத்துக்கொள்வதற்கு ஒரு புதுக் கிடார் எதற்கு?

12 ஆகஸ்ட்

ஒல்லியைக் காசு கொடுத்தே வாங்கிவிட்டேன். ஆர்.சி. கைக்கு வந்தது. எந்தப் பாட்டுக்கு என்று கிரண் கேட்டான். எஃப்புக்கு என்றேன்.

23 ஆகஸ்ட்

தினம் நூறு எஃப். விரல் நுனி காய்த்துவிட்டது. கரும்பலகையில் எழுதும்போதும் இடது கை தானாக எஃப் பிடிக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

29 ஆகஸ்ட்

கொடியேற்றம். மேடையில் என் நாற்காலியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார் ரெமிஜியஸ் அண்ணன். "டங் வராதில்ல?" என்று மட்டும் கேட்டார். வராது என்றேன்.

8 செப்டம்பர், திருவிழா

வந்தது. முதல் பாட்டில் எல்லா எஃப்பும் சரி. இரண்டாவதில் தேர் அசைந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு நொடி. விரல் பழைய இடத்துக்கே போய்விட்டது. டங். மைதானம் முழுக்க. திருகு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொடவில்லை. மிச்சத்தை வாசித்து முடித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

ரெமிஜியஸ் அண்ணன் கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டுப் போய்விட்டார். தூக்கம் வராது இன்று.

9 செப்டம்பர்

ஸ்கூலுக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தவேண்டாம் என்றுதான் நினைத்தேன். சந்திரம்மா கை தட்டிக் கூப்பிட்டாள். மீந்த மெழுகுவர்த்திகளைக் கட்டிக்கொண்டிருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல டங்னு இங்க வரைக்கும் வந்துச்சே, அது நீயாம்மா?"

"நான்தான்" என்றேன். ஸ்கூல் போய்ச் சேருகிற வரைக்கும் ஸ்கூட்டியில் அதையேதான் சொல்லிக்கொண்டு போனேன்.