கழுவிக் கவிழ்த்த நாற்பது சீசாக்கள்

அம்மிணி,

இன்று பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் சீசா ஒன்று கைதவறி உடைந்தது. வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. அந்த வாடையோடு வீட்டுக்குள் வந்தேன். "ஏனுங்க, குளிச்சுப்போட்டு உள்ள வாங்க" என்று அதட்ட ஆளில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாக எதைச் செய்யவும் அலுப்பாக இருக்கிறது, குளிப்பது உட்பட.

நமக்குக் கல்யாணமாகி மோகனூரில் குடிவைத்த புதிதில் நான் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை திரும்பி வந்தது. தலைமையாசிரியர் ஓரிடத்தில் கையெழுத்துப் போட மறந்திருந்தார். அந்த ஒரு கையெழுத்து எனக்கு ஒரு வருஷத்தைத் தின்றது. மறு வருஷம் ஏற்றுக்கொண்டார்கள். வேலையை விடாமல் ஊரிலிருந்தே ஆராய்ச்சி செய்து எழுதி அனுப்பலாம்; சரியாக இருந்தால் சென்னையில் பட்டம் தருவார்கள். காவேரி மீன்களின் செவுளில் ஒட்டி வாழும் புழுக்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். "மாப்ள, ஊரே மீனைத் திங்குது, நீங்க மீனுப் புழுவையா படிக்கறீங்க?" என்று உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கவிச்சி ஆகாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. நம் கரையில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடியாயிற்று. அக்கரை வேறு ஜில்லா. குடிக்கிறவர்கள் பரிசலில் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். யாராவது மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்களா என்று பார்க்கப் பரிசல் துறையில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். சந்தேகம் வந்தால் வீடு புகுந்தும் தேடினார்கள்.

நம் வீட்டுப் பின்கட்டு அலமாரியில் நாற்பது சீசா இருந்தது. எல்லாம் சாராய வாடையடிக்கும் ஸ்பிரிட்டில் ஊறிய செவுள்கள். சனி ஞாயிறு ஓய்வில்லாமல் ஒரு வருஷம் ஆற்றங்கரையில் அலைந்து சேர்த்தது. அந்த ஸ்பிரிட்டுக்கு நான் முறையாக லைசென்ஸ் வாங்கியிருந்தேன். இங்கிலீஷில் டைப் அடித்து முத்திரை வைத்த தாள். புத்தகத்துக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். அப்படி ஒன்று இருப்பதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்பது சீசாவும் முற்றத்தில் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன, பளபளவென்று.

"பக்கத்துத் தெருவுக்குப் போலீசு வந்துட்டாங்க. பானையெல்லாம் கவுத்துப் பாக்கறாங்களாமா. உங்களை வெலங்கு போட்டு இழுத்துட்டுப் போனா நான் என்னங்க பண்ணுவேன்?"

"உள்ளே இருந்தது எங்கே?"

"எருக்குழில கொட்டி மண்ணைத் தள்ளிட்டேனுங்க. சீசாவைச் சீயக்காய் போட்டுக் கழுவிட்டேன். வாடையே இல்லை, மோந்து பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னாய். புருஷனைக் காப்பாற்றிவிட்ட பெருமை. நான் உள்ளே போய் லைசென்ஸை எடுத்துவந்து உன் முகத்துக்கு நேரே ஆட்டினேன். நீ அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாய். நான் அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அதன் பிறகு மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாய்.

சென்னைக்கு எழுதிக் கெஞ்சினேன். ஒரு வருஷம் கூடக் கொடுத்தார்கள், அதற்கு மேல் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். சனி ஞாயிறை மட்டும் நம்பினால் போதாது. மற்ற நாளில் மீன் வாங்கி வைக்கலாமென்றால், செத்து நேரமான மீனில் புழு உதிர்ந்துவிடும். நான் நாமக்கல்லில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. பட்டத்தைத் தலைமுழுகிவிடலாம் என்றே நினைத்தேன்.

நீ என்னைக் கேட்கவில்லை. விடிந்ததும் துறைக்குப் போய், வலைக்காரர்களிடம் உயிரோடு மீன் வாங்கி, சட்டித் தண்ணீரில் விட்டுக் கொண்டுவந்தாய். கவிச்சி ஆகாத நீ, மூக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு செவுளை அறுத்தாய். இரண்டு நாள் வாந்தி எடுத்தாய். மூன்றாம் நாள் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தாய். சீசாக்கள் மறுபடி நிறைந்தன. என் தடித்த விரலுக்கு நழுவுகிற புழுவை நீ ஊசிமுனையில் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துவிடுவாய். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிவந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் கற்றுக்கொண்டாய். ஒரு நாள் அதிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்:

"ஏனுங்க, இது மத்தது மாதிரி இல்லீங்க. செவுளைப் பிடிச்சுக்கற கொக்கி வேற தினுசா வளைஞ்சிருக்குது."

"உனக்கென்ன தெரியும், தள்ளு" என்று சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். வேறு தினுசாகத்தான் வளைந்திருந்தது. அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். பரீட்சகர்கள் பாராட்டியது அந்த ஆறு பக்கத்தைத்தான்.

பட்டம் வந்தது. ஆராய்ச்சிப் புத்தகம் சேலத்தில் பைண்டு ஆகி வந்த அன்று நீ கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாய்.

"இதுல என் பேரு இருக்குதுங்களா?"

இல்லை, அம்மிணி. நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருந்தார், தலைமையாசிரியர் இருந்தார், மீன் கொடுத்த வலைக்காரர்கள்கூட இருந்தார்கள். எழுதும்போது உன் பெயர் நினைவுக்கு வராமல் இல்லை. பெண்டாட்டி பெயரைப் போட்டால் சென்னையில் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். அதைவிட, எருக்குழியின் கோபம் எனக்கு அப்போதும் தீரவில்லை. நீ ஒரு வருஷம் மீனோடு மல்லுக்கட்டியும் தீரவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் "இருக்குது" என்றேன். எங்கே என்று கேட்டாய். ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். அது சென்னையில் எனக்கு இரண்டு முறை புத்தகம் எடுத்துக்கொடுத்த நூலகக் குமாஸ்தாவின் பெயர்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவாய். "இங்க பாருங்க, எம்பேரு. இங்கிலீசுல போட்டிருக்கறாரு." வந்தவர்களும் இங்கிலீஷ் தெரியாதவர்கள், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்கு அடக்கம் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியிடமும் அதையே சொன்னாய். காய்ச்சலில் நாக்குக் குழறியது, ஆனாலும் விடவில்லை. "எங்க ஊட்டுக்காரரு புஸ்தகத்துல எம்பேரு இருக்குது." நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், மூடிக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சண்டை போட்டிருக்க மாட்டாய். "அதுக்கென்னங்க, இப்பப் போட்டுடுங்க" என்று பேனாவைத் தேடச் சொல்லியிருப்பாய். அவ்வளவுதான். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை.