பஸ் வேண்டாம், லாரி என்று வை

செவ்வாய், இரவு

திரைக்கதையை எடுத்துக்கொண்டு இன்று ஒரகடம் போனேன். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் முதலாளி ஒருவர் படத்துக்குப் பணம் போடுவதாகச் சொல்லியிருந்தார். படித்துப் பாருங்கள் என்று ஃபைலை நீட்டினேன்.

"யாரு பெருசு படிக்கறது? வாயால சொல்லு."

கோடம்பாக்கத்திலும் இதே பேச்சுதான். சொன்னேன். எந்தத் தயாரிப்பாளரும் இடைவேளையைத் தாண்டிக் கேட்டதில்லை. இவர் முடிவுவரை கேட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துடலாம் பெருசு. ஒண்ணே ஒண்ணு. டிரைவர் தூங்கி அந்தப் பொண்ணு சாவுதே, அது கம்பெனி பஸ்ஸு வேணாம். மணல் லாரி மோதிச்சின்னு வெச்சிக்க. இல்லாங்காட்டி எனக்கு எவன் கான்ட்ராக்ட் குடுப்பான்?"

"முடியாதுங்க."

"லாரின்னா இன்னா, பஸ்ஸுன்னா இன்னா? இந்த வயசுல இன்னா வீம்பு ஒனக்கு?"

ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே ஆள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். அன்று இரண்டு ஷிப்ட் கம்பெனி பஸ் ஓட்டி முடித்த என்னை மூன்றாவதுக்கும் போகச் சொன்னார்கள். மறுக்காமல் போனேன். வல்லம் வளைவில் கண் அசந்தது. லாரி என்று எழுதினால் அந்தத் தப்பை வேறு எவனோ செய்ததாகிவிடும்.