சாதிக் பாட்சா வீட்டில் சாப்பிட்டேன்

ரங்கூன், லத்தா
குரோதன வருஷம் ஐப்பசி மாதம், சனிக்கிழமை

மாவ்பியில் தம்பி வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, கமலாட்சி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் குழந்தைகளும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்குப் பதில் எழுதச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. இத்தனை நாள் எழுதாதவர் இனி எழுதியா கிழிக்கப் போகிறீர்கள்?

பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடிக்கிறாள். அப்பா எங்கே என்று சின்னவன் கேட்கிறான். சித்தப்பாவின் வயலைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே நாப்பி மீன் விழுதைப் போட்ட குழம்பைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் கருப்பையா வந்தான். தேர்தலில் நிற்கும் கூலி லைன் முதலாளிக்காக வீடு வீடாக வோட்டுக் கேட்கிறானே, அவன்தான். கையில் தாம்பாளம் நிறையப் பழமும் வெற்றிலை பாக்கும். "அண்ணி, அண்ணன் செஞ்ச ஒத்தாசைய மொதலாளி மறக்கவே மாட்டாரு" என்றான். என்ன ஒத்தாசை என்று கேட்டேன். "ஊர்ல இல்லாம இருக்காரே, அது போதாதா" என்று பல்லைக் காட்டினான். தாம்பாளத்தோடு அவனைப் படியிறக்கினேன். கதவை அடித்துச் சாத்தினேன். கோபத்தில் பாதி அவன் மேல், பாதி உங்கள் மேல்.

சங்கத்தில் உங்களுக்கும் குடைக்கடை சாதிக் பாட்சாவுக்கும் போட்டி வந்ததை நான் தப்பென்று சொல்லவில்லை. சட்டசபைக்குச் சங்கத்தின் பேரில் ஒருவர்தான் நிற்க முடியும். இரண்டு பேரும் ஆசைப்பட்டீர்கள், அங்கத்தினர் கை தூக்கினார்கள், அவர் கொஞ்சத்தில் ஜெயித்தார். அதற்குள் எவ்வளவு அசிங்கம்! குடை விற்கிறவனுக்குத் துறைமுகத்து வெயில் தெரியுமா என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். துறைமுக மேஸ்திரியான நீங்கள் கூலிக்காரன் கூலியில் கமிஷன் அடிக்கிறீர்கள் என்று அவர் ஆட்கள் பதிலுக்குச் சொன்னார்கள். அத்தனையும் முடிந்த பிறகு அந்த மனிதர் தாமாக உங்களிடம் வந்து, வீட்டுக்கு விருந்துக்கு வாருங்கள் மச்சான் என்று கூப்பிட்டார். நீங்களோ சபை நடுவில், இனி உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனீர்கள்.

அந்த வார்த்தை இங்கே என்ன பாடுபடுகிறது தெரியுமா? "மேஸ்திரியே சாயபு வீட்டுல சாப்பிட மாட்டேன்னுட்டாரு, நீங்க சாயபுக்கு வோட்டு போடுவீங்களா?" என்று கருப்பையா தெருத் தெருவாகக் கேட்கிறான். பெருநாளுக்குப் பெருநாள் அந்த வீட்டில் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டு, சுருட்டும் பிடித்துவிட்டு வந்த மனிதரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல வேண்டியவர் மாவ்பியில் அல்லவா இருக்கிறார். உங்கள் கையில் வேலை பழகிய தங்கவேலுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணன் ஒரு வார்த்த சொல்லாம நாங்க யாரும் அசைய மாட்டோம்" என்கிறான். மற்ற மேஸ்திரிகளும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கூலி லைனில் ஓர் அறைக்குள் நாற்பது பேர் படுக்கிறார்கள். லைனுக்கே ஒரு குழாய். போன கோடையில் வாந்திபேதியில் செத்தவர்களுக்கு நீங்களே தோள் கொடுத்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் படுத்துக் கிடந்தீர்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் வர வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்தினீர்கள். இப்போது அந்த லைனுக்குச் சொந்தக்காரரே சட்டசபையில் போய் உட்காரப் போகிறார். நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் நியாயமா? சாதிக் பாட்சா கேட்டால் செத்தவர்கள் செத்தவர்கள் இல்லையா?

ஆகையால் நேற்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தெரு பார்க்க நடந்து, மொகல் தெருவில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

போவதாக முன்னமே சொல்லி அனுப்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் கறி தொட மாட்டேன் என்பதை அவர் மனைவி ஹாஜரா நினைவில் வைத்திருந்து, புதுச் சட்டியில் கத்தரிக்காயும் பருப்பும் போட்டுத் தாளிச்சாவும் நெய்ச்சோறும் ஆக்கியிருந்தாள். இலை போட்டாள், பரிமாறினாள். நான் கையைத் தண்ணீரில் வைக்கவில்லை. அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

சாதிக் பாட்சா அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். கமிஷன் பேச்சுக்குப் பதில் சொன்னால்தான் சாப்பிடுவேன் என்றேன். "எலெக்ஷன் சூட்டுல பயலுக பேசுனது தங்கச்சி, நான் சொல்லல" என்றார். நீங்கள் சொல்லவில்லை, காதில் விழுந்தும் சும்மா இருந்தீர்கள், அது உங்களுக்குச் சௌகரியமாக இருந்தது என்றேன். நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது.  அவர் கீழே இறங்கிப் போய், கடை வாசலில் நின்ற தம் ஆட்களிடம், மாடியில் இருந்த எனக்கும் கேட்கும்படி, "மேஸ்திரி ஒருத்தன் காசையும் தொட்டவரு இல்ல. அப்படிப் பேசுனது பொய். திங்கக்கெழம மேடையிலயும் நானே சொல்வேன்" என்றார். அதற்குப் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாஜரா அழுதுகொண்டே இரண்டாம் தடவை பரிமாறினாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். வீட்டுக்காரி சாப்பிட்டால் வீடு சாப்பிட்டதாகத்தான் கணக்கு. இனி உங்கள் சபதத்தை எங்கே வைத்துக்கொள்வீர்களோ, எனக்குத் தெரியாது.

நாளை மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் சங்கத்தின் பெரிய கூட்டம். அன்று மத்தியானம் சாதிக் பாட்சா அண்ணனும் ஹாஜராவும் குடும்பத்தோடு நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். கதவைத் திறந்து வைத்துத்தான் இலை போடுவேன், கருப்பையாவும் வந்து பார்க்கட்டும். தங்கவேலு இன்றே ரயிலேறி இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பான். அவனோடு புறப்பட்டு வாருங்கள். மேடையில் அவர் பக்கத்தில் நின்று, இவருக்கு வோட்டுப் போடுங்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கசக்கும். கசந்தாலும் சொல்லுங்கள்.

போகும்போது வாசலில் நின்று, நீ யார் பக்கமடி என்று கேட்டீர்கள். அன்று ஆத்திரத்தில் பதில் சொல்லவில்லை. நீங்கள் தோற்ற அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள் நான். சட்டசபைக்குப் போக உங்களைவிடத் தகுந்தவர் இந்த ரங்கூனில் இல்லை என்று இப்போதும் சொல்வேன். நான் உங்கள் பக்கம் இல்லாதவளாக இருந்தால், உங்களை மாவ்பியிலேயே இருக்க விட்டிருப்பேன்.

முருகன் உங்களுக்கு நல்ல புத்தியும், திங்கட்கிழமைக்குள் ஆறுகிற கோபமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இலை போட்டுக் காத்திருக்கப்போகும்
கமலாட்சி