வெள்ளிக்கிழமை வெந்நீர்

என் சண்டைக்கார அக்காவுக்கு, ஆசை முத்தங்களோடு எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. உன் மகன் செந்தில் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்கிறான். கொல்கத்தா வீட்டைக் காலி செய்துவிட்டு, அவன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் வந்துவிட வேண்டுமாம். "சித்தி, தனியா குளிக்கக்கூட முடியாதே உங்களால. எந்த தைரியத்துல விட்டுட்டு இருக்கது?" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! ஐம்பத்தாறு வயதில் எனக்கென்ன முதியோர் இல்லம்? நம் லேக் மார்க்கெட் வீட்டை விட்டு எங்கே போவேன்? தனியாகக் குளித்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசு என்றேன். மௌசுமி சரி என்று சொன்னால் சம்மதம் என்றான்.

தெரபிஸ்ட் மௌசுமியை நீ மறந்திருக்க மாட்டாய். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வந்து என் கை கால் தளர்ந்த பிறகு, ஜாக்கெட் கொக்கி மாட்டுவதைக்கூடப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தவள். இப்போது குளியலறைச் சுவரில் கைப்பிடி, தரையில் ரப்பர் விரிப்பு, உட்கார பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வைத்திருக்கிறாள். வெயில் ஏறுமுன் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். நீ பார்த்தால், "ஏட்டி, இது என்ன தோப்புக்கரணமா?" என்று சிரிப்பாய்.

அக்கா, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நீ எனக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாய். "நல்லா சூடா ஊத்துனாத்தான் நரம்பு இளகும். அசையாம இரு மூதி!" என்று உச்சந்தலையில் தட்டுவாய். குளித்து முடித்ததும் என் கால் துவண்டுவிடும்; உன் முழங்கால் வலியோடு நீதான் என்னைத் தாங்கிக் கட்டிலுக்குக் கூட்டிப்போவாய். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவாய்.

கால் எப்போதெல்லாம் துவள்கிறது என்று மௌசுமி என்னைக் குறித்து வைக்கச் சொன்னாள். பார்த்தால் எல்லாம் வெள்ளிக்கிழமை. இந்த நரம்பு நோய்க்குச் சூடு ஆகாது, வெந்நீர்தான் காரணம் என்றாள். அது இரண்டு வருடத்துக்கு முன்பு.

நான் உன்னிடம் மூச்சு விடவில்லை. உன் மனது கஷ்டப்படுமே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் பயந்துபோய் என்னைத் தொடுவதையே விட்டுவிடுவாய். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் யாரோ ஒருத்தி என்னை நோயாளி என்று பாராமல் தொட்டாள். அதற்காக என் பாரம் முழுவதையும் உன் வலிக்கிற முழங்காலில் ஏற்றினேனே, என்னை மன்னிப்பாயா?

நேற்று வெள்ளிக்கிழமை. எண்ணெயை நானே தேய்த்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மௌசுமி கதவுக்கு வெளியே காத்திருந்தாள். கால் துவளவே இல்லை. உடுத்திக்கொண்டு நடந்து வந்ததும், "கூப் பாலோ, மாஷிமா!" என்று வங்காளத்தில் மெச்சிக் கை தட்டினாள். செந்திலுக்கும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். நான் இங்கேயே இருக்கலாம்.

அவள் போன பிறகு வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். முதுகின் நடுவில் எண்ணெய் படவே இல்லை, அக்கா. அங்கே என் கை எட்டவில்லை. ராத்திரி போனில் மௌசுமியிடம் இதைச் சொன்னதும், நீளப் பிடி வைத்த பிரஷ் ஒன்று கொண்டுவருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த வீட்டில் விழாமல் நடமாடுவேன். உனக்குச் சத்தியம். அந்த ஒரு சாண் இடம் மட்டும் காய்ந்தே கிடக்கட்டும்.

உன் தங்கச்சி,
செல்வி