டிரெய்லருக்கு எந்தக் குழாய்

1943 ஜூலை 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மனைவி ஆக்னெஸுக்கு முதுகெலும்பில் க்ஷயம். உட்காரவே கூடாதென்கிறார் டாக்டர். ஆனேக்கல் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் படுத்தபடியே போகவேண்டும். ஆம்புலன்ஸ் எல்லாம் மிலிட்டரிக்கு. பட்டறைக்கார நண்பன் ஆரோக்கியசாமியின் காருக்குள் கட்டில் நுழையாது. பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லர் செய்துவிடுவதென்று முடிவு. வெல்டிங் அவன், வண்டியின் இரும்புச் சட்டம் நான். குலுங்கினால் அடியிலுள்ள ஸ்பிரிங் தாங்கும். சட்டம் முறுக்கக் கூடாது. முறுக்கினால் அவள் முதுகும் முறுக்கும்.

அவள் தூங்கும்போது தலையிலிருந்து கால்வரை கயிறு பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

8, வியாழன்

பிளாக்பள்ளி பழைய இரும்புக் கடை. ஆங்கிள் இரும்பு: மூலைக்கு மூலை முறுக்கும், வேண்டாம். தண்ணீர்க் குழாய்: இன்றே கிடைக்கும், கனமோ கனம். பட்டறையில் ஒரு துண்டைத் திருகிப் பார்த்ததில் நெடுக ஒட்டிய தையல் வாய் பிளந்தது. தையலில்லாத ஸ்டீல் குழாய், ஒன்றரை அங்குலம்: அதுதான் சரி. குறுக்களவு பெரிதாக இருந்தால் சுவர் மெல்லிசானாலும் விறைப்பு. திங்கட்கிழமைதான் வருமாம்.

கடைக்கார பாய்: "தண்ணி பைப்பே போதும் ஸார். யானையா ஏத்தப் போறீங்க?"

யானையானால் எனக்கென்ன கவலை.

11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சில நாளாக ஆக்னெஸ் கஞ்சியைத் தொடுவதில்லை. ஏனென்று கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். கோபத்தில் கத்திவிட்டேன். காபிப் பொடி தீர்ந்தது.

13, செவ்வாய்

நேற்று குழாய் வந்தது. நெடுக இரண்டு, குறுக்கே நான்கு, மூலைவிட்டமாக இரண்டு. இன்று வெல்டிங் முடிந்தது. மூன்று மூலைகளைக் கல்லோடு கட்டி, நான்காவதில் ஆரோக்கியசாமி ஏறிக் குதித்தான். நூலளவும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து வேலை முடிந்ததென்றேன். ஆக்னெஸ் மெல்ல, "பெட்டி ஆயிடுச்சா?"

"என்ன பெட்டி?"

"கயிறு புடிச்சு அளந்தீங்களே. நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். எங்கப்பா செத்தப்போ தச்சர் அப்படித்தானே அளந்தாரு. எனக்கு உயிர் போறதுக்குள்ளேயே அளந்துட்டீங்களேன்னு..."

சட்டைப் பையிலிருந்த குழாய்த் துண்டை அவள் கையில் வைத்தேன். பெட்டியில்லை, உன்னைக் கூட்டிப்போகிற வண்டி என்றேன்.

"வண்டின்னா திரும்பி வரும்ல?" என்றாள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். அழுகை வந்தது, கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

15, வியாழன்

மழையில்லை. புறப்பட்டோம். ஓசூர் ரோடு முழுக்கப் பள்ளம். வழியில் அவளிடமிருந்து ஒரு முனகல் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர்: "உடம்புல தெம்பே இல்லையே. இத்தனை நாள் ஏன் பட்டினி போட்டீங்க?"

கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கினேன்.

17, சனி

நேற்று விடியற்காலை ஆக்னெஸ் போய்விட்டாள். அதே டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சட்டத்தில் ஒரு விரிசல் இல்லை.

வாசலில் தச்சர் காத்திருந்தார். "அளவு எடுத்துக்கறேன் ஸார்."

வேண்டாமென்று, முடிச்சுப் போட்டு வைத்திருந்த கயிற்றைக் கொடுத்தேன்.